மூன்றாவது பொத்தான்

கோயம்புத்தூர்,
14.6.2025

ராமாயிக்கு மாணிக்கம் எழுதுவது.

நான் உயிரோடுதான் இருக்கிறேன். இதை முதல் வரியிலேயே எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது. ஏனென்றால் நீ ஊருக்கெல்லாம் வேறு மாதிரி சொல்லியிருக்கிறாய்.

இங்கே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேனாக இருக்கிறேன். காலையில் குப்பை பிரிப்பதும் என் வேலைதான். ஈரக் குப்பை பச்சை டப்பாவில், காய்ந்த குப்பை நீல டப்பாவில். போன வாரம் மூன்றாம் மாடிக் குப்பையில் ஒரு மிளகு உறை கிடந்தது. கொல்லிமலை மிளகு என்று போட்டிருந்தது. மலைப் பேரைப் பார்த்ததும் கையில் எடுத்தேன். பின்பக்கம் கறுப்புப் புள்ளியாக ஒரு சதுரம். கடையில் பணம் அனுப்பப் போனைக் காட்டுவார்களே, அந்த மாதிரி. சும்மா காட்டினேன். உன் முகம் வந்தது.

இருபத்தொரு வருடத்துக்குப் பிறகு உன் முகத்தைக் குப்பைத் தொட்டி பக்கத்தில் நின்றுகொண்டு பார்த்தேன். கீழே எழுதியிருந்தது: "ராமாயி, வயது 63, வளப்பூர் நாடு. கணவரை இழந்தவர். முப்பது மிளகுக் கொடிகளை ரசாயன உரமில்லாமல் தனியாக வளர்க்கிறார்."

காக்கை தலையில் தட்டிவிட்டால், அந்த ஆள் செத்துவிட்டதாகச் சொந்தக்காரர்களுக்குச் சேதி அனுப்புவார்கள். அவர்கள் அழுதால் தோஷம் போகும் என்பார்கள். என்னை எந்தக் காக்கையும் தட்டவில்லை, ராமாயி.

அந்த ஒரு வார்த்தையை எடுக்கச் சொல். வேறு எதுவும் கேட்கவில்லை.

இப்படிக்கு,
மாணிக்கம்


வளப்பூர் நாடு, கொல்லிமலை,
28.6.2025

கடுதாசி போட்டவருக்கு ராமாயி எழுதிக்கொண்டது.

இங்கு நானும் மகள் சுகுணாவும் பேத்தி சுமித்ராவும் நலம். உங்கள் நலம் கேட்க வேண்டியதில்லை. உயிரோடு இருப்பதாக நீங்களே முதல் வரியில் எழுதிவிட்டீர்கள்.

போஸ்ட்மேன் அருள்மொழி கடுதாசியைக் கையில் வைத்துக்கொண்டு, "ஏனுங்க அம்மாயி, கோயமுத்தூர்ல உங்களுக்கு யாருங்க சொந்தம்?" என்றான். "மிளகு வாங்கினவங்க சாமி" என்றேன். வாங்கினவர் போட்ட குப்பையைப் பிரித்தவர் என்று விளக்கினால் அவனுக்குப் பஸ் போய்விடும்.

முதலில் ஒன்று தெரிய வேண்டும். இதை யார் எழுதிக் கொடுத்தது? எனக்குத் தெரிந்து நீங்கள் கைநாட்டு. நான் அஞ்சாவது வரைக்கும் படித்தவள், எழுத்தைப் பார்த்தால் ஆளைச் சொல்லிவிடுவேன். இந்த எழுத்து வயதானவர் எழுத்து மாதிரி நடுங்கவும் செய்கிறது, பள்ளிப் பிள்ளை எழுத்து மாதிரி ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்கவும் செய்கிறது. எழுதினவர் ஆணா, பெண்ணா? நம் வீட்டுச் சங்கதி அவருக்கு எவ்வளவு தெரியும்? அதைத் தெரிந்துகொண்டுதான் நான் மேற்கொண்டு மனதைத் திறக்க முடியும்.

காக்கைச் சேதி எழுதியிருந்தீர்கள். அதில் ஒரு சங்கதியை விட்டுவிட்டீர்கள். சேதி கேட்டு யாராவது அழுதால்தான் தோஷம் போகும். இங்கே யாரும் அழவில்லை.

அந்த வார்த்தை எப்படி வந்தது என்று சொல்கிறேன். எங்கள் பெண்கள் சங்கத்துக்கு நாமக்கல்லில் இருந்து மணிவண்ணன் என்று ஒரு தம்பி போனோடு வந்தார். மிளகு வாங்குகிறவர்கள் அதை விளைவித்தவர் யார் என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறார்களாம். ஒவ்வொருத்தியாகப் படம் பிடித்துக் கேள்வி கேட்டார். பேரு, வயசு, எத்தனை கொடி, என்ன எரு. எல்லாம் சொன்னேன். "கணவர் பேரு சொல்லுங்க பாட்டி" என்றார். வாய் வரவில்லை. புருஷன் பேரை நாமே சொல்லும் வழக்கம் நமக்கு ஏது? மற்றவளுக்கெல்லாம் பக்கத்தில் இருந்தவள் எடுத்துச் சொன்னாள். எனக்குச் சொல்ல வேண்டிய சென்னம்மாள் அந்நேரம் பார்த்து மூட்டையை எடை போடப் போய்விட்டாள்.

"அத உட்ருங்க தம்பி" என்றேன்.

"உட்டா அடுத்த பக்கம் போவமாட்டேங்குதுங்க பாட்டி. செவப்பா நட்சத்திரம் போட்ருக்கு பாருங்க."

பேருக்கு மேலே மூன்று பொத்தான் இருந்தது. கல்யாணமானவர், ஆகாதவர், கணவரை இழந்தவர். அவர் என் முகத்தைப் பார்த்தார். கழுத்தைப் பார்த்தார். மூன்றாவதைத் தொட்டார். பேர் கேட்ட கட்டமே காணாமல் போய், அடுத்த பக்கம் வந்துவிட்டது.

"அப்படி இல்லீங்க தம்பி" என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இருபத்தொரு வருடமாக எனக்கு நகராத பக்கம், அவர் ஒரு விரல் வைத்ததும் நகர்ந்துவிட்டதே என்று அதிசயமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எடுக்கச் சொல்கிறேன். அதற்கு முன்னால் எனக்கு ஒரே ஒரு பதில் வேண்டும். மரவள்ளி லாரியில் ஏறிக் கீழே போனீர்கள். காளப்பநாயக்கன்பட்டியில் டீ குடிக்க இறங்கினார், ஆளைக் காணோம் என்று டிரைவர் வந்து சொன்னார். நானும் சுகுணாவும் அந்த டீக்கடையில் போய் விசாரித்தோம். ஜவ்வரிசி மில்லில் விசாரித்தோம். கிணறுகளைக்கூட எட்டிப் பார்த்தோம். நீங்கள் ஏன் திரும்பி வரவில்லை?

கோபத்தில் கேட்கவில்லை. கோபம் பத்துப் பன்னிரண்டு வருடத்தில் தீர்ந்துவிட்டது. தெரிந்துகொள்ள வேண்டும் என்பது மட்டும் தீரவில்லை.

இப்படிக்கு,
ராமாயி

உறையின் மேல் உங்கள் பேரைச் சுமித்ரா எழுதினாள். நீங்கள் போகும்போது தொட்டிலில் கிடந்தவள். இப்போது பட்டம் வாங்கி எங்கள் சங்கத்து வேலையெல்லாம் கம்ப்யூட்டரில் பார்க்கிறாள். இந்த மலையில் அவளுக்குத் தெரியாத விஷயம் இருந்தால் அது தேவையில்லாத விஷயமாகத்தான் இருக்கும்.


கோயம்புத்தூர்,
10.7.2025

ராமாயிக்கு,

யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. நானேதான்.

சொன்னால் நம்ப மாட்டாய். எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தது போன். எழுத்து இருக்கும் இடத்தில் அதைக் காட்டினால் உரக்கப் படிக்கும். முதலில் குப்பை டப்பாக்களைத்தான் காட்டினேன். ஈரம், உலர் என்றது. பிறகு பால் உறை, மாத்திரை அட்டை, பழைய பேப்பர். அது படிக்கப் படிக்க நான் விரல் வைத்துப் பார்த்தேன். மூன்று வருடம் ஆயிற்று. இங்கே என்னைப் பார்த்துச் சிரிக்க யாரும் இல்லை. போன் நூறு தடவை கேட்டாலும் சலிக்காமல் சொல்லும்.

கடிதம் எழுதும்போது போனிடம் பேசுகிறேன். அது எழுதிக் காட்டுகிறது. அதைப் பார்த்துப் பார்த்து நான் காகிதத்தில் எழுதுகிறேன். எழுத்து தனித்தனியாக நிற்பது அதனால்தான்.

இங்கே குடும்பம் எதுவும் எனக்கு இல்லை. நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். தண்ணீர் மோட்டார் அறைக்குப் பக்கத்தில் ஒரு அறை. என் நாற்காலிக்கு மேலே ஒரு கேமரா. நான் எத்தனை தடவை எழுந்து போகிறேன் என்று மாடியில் இருப்பவர்கள் அவரவர் போனில் பார்த்துக்கொள்ளலாம். நல்லவர்கள்தான். துணிப்பைதான் கொண்டு போவார்கள். ஆனால் தினமும் ஆளுக்கு நாலு அட்டைப் பெட்டி வந்து இறங்கும்.

உன் மிளகு உறையில் "அறுபது நாளில் மண்ணோடு மண்ணாக மட்கும்" என்று போட்டிருக்கிறது. படத்தைப் பார்த்த பிறகு அதைக் குப்பையில் போட மனம் வரவில்லை. செம்பருத்திச் செடி ஓரத்தில் புதைத்து வைத்திருக்கிறேன். பார்ப்போம்.

நீ கேட்டதற்குப் பதில் இன்னொரு நாள் எழுதுகிறேன்.

மாணிக்கம்


வளப்பூர் நாடு,
30.7.2025

சுகுணாவின் அப்பாவுக்கு ராமாயி எழுதிக்கொண்டது. இங்கு அனைவரும் நலம். சாரல் விடவில்லை.

நீங்களே எழுதினது என்று படித்ததும் கடுதாசியை வெளிச்சத்தில் பிடித்து இன்னொரு தடவை பார்த்தேன். சந்தோஷமா என்று கேட்டால் சந்தோஷம்தான். கூடவே கொஞ்சம் பொறாமையும் வந்தது. எனக்கு அஞ்சாவது வரைக்கும் சொல்லிக் கொடுத்த வாத்தியார் பிரம்பு வைத்திருந்தார். உங்களுக்கு அடிக்காத வாத்தியார் கிடைத்திருக்கிறார்.

ஆனால் ஒரு சந்தேகம். போனிடம் பேசினீர்கள், அது எழுதிக் காட்டியது, சரி. நீங்கள் பேசினதை அது எங்கே வைத்திருக்கிறது? சுமித்ராவிடம் கேட்டேன். "அது எங்கியோ தூரத்துல இருக்கற பெரிய கம்ப்யூட்டருக்குப் போயிட்டு வரும் அம்மாயி" என்றாள். அப்படியானால் நான் படிப்பதற்கு முன்னாலேயே உங்கள் கடுதாசி முன்பின் தெரியாத ஊருக்குப் போய்விட்டு வந்திருக்கிறது. இந்த லட்சணத்தில் நான் உங்களை எழுதிக் கொடுத்தது யார் என்று கேட்டேன்! போஸ்ட்மேன் உறையை மட்டும்தான் பார்க்கிறான். அவனைப் போய்ச் சந்தேகப்பட்டேனே.

நான் போன் நம்பர் எழுதாமல் கடுதாசியே போடுவதற்குக் காரணம் அதுவல்ல. என்னிடமும் பட்டன் போன் ஒன்று இருக்கிறது. ஆனால் டவர் பஸ் நிறுத்தத்தில்தான் எடுக்கும். அங்கே நின்று எல்லாரும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவோம். பஸ்ஸுக்கு நிற்கிற அத்தனை பேரும் நடுநடுவே பதில் சொல்வார்கள். போன மாதம் சென்னம்மாளின் மருமகள் அம்மா வீட்டுக்குப் போன பஞ்சாயத்தைக் கண்டக்டரே தீர்த்துவைத்தார்.

இன்னொரு கூத்து கேளுங்கள். அந்தப் பக்கத்தில் வீட்டுக்கு வழி காட்டும் படமும் போட்டிருந்தார்களாம். ஆடி முதல் வாரம் வாசலூர்பட்டியில் படகு ஓட்டிவிட்டு மூன்று பேர் நேராக இங்கே வந்துவிட்டார்கள். நான் தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு நிற்கிறேன்.

"நீங்கதான மிளகு ராமாயி பாட்டி? எப்பவும் இப்படித்தான் அழகா தனியாவே வாழறீங்களா? ஒரு போட்டோ."

"தனியாத்தான் இருந்தனுங்க, நீங்க வரவரைக்கும்" என்றேன். சிரித்துக்கொண்டே எடுத்துவிட்டார்கள். போகும்போது தண்ணீர் பாட்டிலை வேலியில் செருகிவிட்டுப் போனார்கள். மண்ணைக் காப்பாற்ற மிளகு வாங்குகிறவர்களாம். வழி காட்டும் படத்தை அன்றைக்கே சுமித்ரா எடுத்துவிட்டாள்.

அதை எடுக்கும்போது அவள் ஒரு கணக்கைக் காட்டினாள். யார் பார்த்தார்கள் என்று பேர் தெரியாது, எந்த ஊர், ஒரே போனா வேறு போனா என்று தெரியுமாம். "அம்மாயி, கோயமுத்தூர்ல ஒரே போன்ல உங்க பக்கத்த நாப்பத்தொரு தடவ தொறந்திருக்காங்க. மத்தியானம் ரெண்டு மணிக்கு, தெனமும்" என்றாள்.

நான் வேலியில் செருகின பாட்டிலைப் பிடுங்கப் போய்விட்டேன். அவளும் என் முகத்தைப் பார்க்கவில்லை. நல்ல பிள்ளை.

மத்தியானம் ரெண்டு மணிக்குச் சாப்பிடுவீர்கள் போலிருக்கிறது. என்ன சமைக்கிறீர்கள்?

கேட்டதற்குப் பதில் வரவில்லை. மறந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம்.

ராமாயி


கோயம்புத்தூர்,
24.8.2025

ராமாயிக்கு,

பார்ப்பது தெரியும் என்று எனக்குத் தெரியாது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் மட்டும் இருக்கிறேன் என்று நினைத்தேன். உன் கடிதம் படித்த பிறகு ஒரு வாரம் திறக்கவில்லை. பிறகு, தெரிந்தால் தெரியட்டும் என்று மறுபடி திறந்தேன். உறையைப் புதைத்தாலும் பக்கம் போனிலேயே தங்கியிருக்கிறது. கேமராவுக்குக் கீழேயே உட்கார்ந்திருப்பவனுக்கு இது தோன்றியிருக்க வேண்டும்.

மத்தியானம் சோறும் புளிக்குழம்பும். சாமைச் சோறு தின்று எத்தனையோ வருடம் ஆகிறது. இங்கே கடையில் கண்ணாடி டப்பாவில் வைத்திருக்கிறார்கள். நோய்க்காரர்கள் வாங்குகிறார்கள்.

படத்தில் உனக்குப் பின்னால் சில்வர் ஓக் மரத்தில் ஏறியிருக்கும் கொடி நான் வைத்ததா, நீ வைத்ததா? கூரைக்கு மேல் ஏதோ தட்டு மாதிரி மினுங்குகிறதே, அது வெயிலில் எரியும் விளக்கா? பெரிதாக்கிப் பார்த்தால் கலங்கிவிடுகிறது.

நான் ஒரு தடவை மலைக்கு வரட்டுமா? இருக்க இல்லை. பார்க்க மட்டும்.

நீ கேட்பதைக் கேட்காமல் விட்டுவிட முடியாதா?

மாணிக்கம்


வளப்பூர் நாடு,
22.9.2025

சுகுணாவின் அப்பாவுக்கு,

முடியாது.

சுகுணாவிடம் சொல்லிவிட்டேன். கடுதாசிகளை அவள் கையிலேயே கொடுத்தேன். படித்துவிட்டு அடுப்படியில் போய் உட்கார்ந்துகொண்டாள். மூன்றாம் நாள் சாமை புடைத்துக்கொண்டே, "அப்பனுக்குச் சக்கரை கிக்கரை இருக்குதான்னு கேளும்மா" என்றாள். கேட்டுவிட்டேன். பதில் அவளுக்கே எழுதுங்கள்.

கொடி நான் வைத்தது. நீங்கள் வைத்தது மேல்காட்டில் இருக்கிறது. நன்றாகக் காய்க்கிறது, அதற்கு என்ன தெரியும்? கூரையில் மினுங்குவது வெயில் விளக்குதான். மழைக்காலத்தில் அதுவும் நம்மைப் போலப் போர்த்திக்கொண்டு தூங்கிவிடும்.

நீங்கள் உறையைப் புதைத்ததாக எழுதியிருந்ததைப் படித்து நானும் அன்றைக்கே ஒன்றை எருக்குழியில் புதைத்தேன். எங்கள் பேரைப் போட்டு விற்கிறார்களே, மெய்யா பொய்யா என்று பார்க்க வேண்டாமா? மாட்டு எரு, எலிகூட மட்கிவிடும் இடம். அறுபதாம் நாள் தோண்டினேன். கழுவினால் புத்தம் புதுசு. சுமித்ரா போனைக் காட்டினாள். ரெண்டு மாதம் சாணியில் கிடந்துவிட்டு என் முகம் சிரித்துக்கொண்டு வந்தது. "கணவரை இழந்தவர்" என்பதும் ஓர் எழுத்துக் குறையாமல் வந்தது.

அடுத்த கூட்டத்துக்கு அதை எடுத்துப் போய் மணிவண்ணன் தம்பி முன்னால் போட்டேன்.

"உறை விக்கறவங்க அப்படித்தாங்க பாட்டி சொன்னாங்க."

"நாங்க மிளகு ஈரமில்லைன்னு சொன்னா நம்பறீங்களா தம்பி? பல்லுல கடிச்சுத்தான பாக்கறீங்க? இதையும் ஒருக்கா பொதச்சுப் பாத்திருக்கலாமில்லங்க?"

சென்னம்மாள், "ராமாயி அக்கா மொகம் அவ்வளவு சீக்கிரம் மட்காதுங்க, அது பழைய காலத்து உருப்படி" என்றாள். கூட்டம் சிரித்தது. தம்பி குறித்துக்கொண்டு போயிருக்கிறார். மட்கும் என்ற அந்த வரியை எடுக்கும் வரைக்கும் மிளகு கொடுப்பதில்லை என்று முடிவு. உங்களுக்காக அல்ல. பொய் நம் பேரில் போகக் கூடாது.

அப்போது எனக்கே உறைத்தது. மட்கும் என்பது பொய் என்றால், இழந்தவர் என்பது மட்டும் என்ன? ஆனாலும் நான் முதலில் கேட்டதற்குப் பதில் வந்தால்தான் எடுப்பேன் என்றேன், அதிலேயே நிற்கிறேன். வேறு பெண் இருந்தாள் என்றால் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். பயம் என்றாலும் சொல்லுங்கள். எந்தப் பதிலும் இந்த வெறும் இடத்தைவிட மேல். ராத்திரியும் பகலுமாக நானே எத்தனை காரணம் எழுதிப் பார்த்துவிட்டேன் தெரியுமா? எல்லாம் என் எழுத்து. உங்களது ஒன்று வேண்டும்.

அது தெரியாமல் வர வேண்டாம்.

ராமாயி


கோயம்புத்தூர்,
5.10.2025

ராமாயிக்கு,

சுகுணாவுக்கு எழுதிவிட்டேன். சர்க்கரை இல்லை. முட்டிதான் வலிக்கிறது.

இதைப் போனிடம் சொல்லவில்லை. நீ எழுதின பிறகு அதனிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. நாலு நாளாக நானே எழுதுகிறேன்.

சுகுணாவின் கொழுந்தனார் கல்யாணப் பத்திரிகை நினைவிருக்கிறதா? சம்பந்தி வீட்டார் தட்டில் வைத்து என் கையில் கொடுத்தார்கள். நான் விரித்துப் பார்த்து, "ரொம்ப நல்லா அச்சடிச்சிருக்காங்க" என்றேன். தலைகீழாகப் பிடித்திருந்தேன். நீ சிரித்தாய். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அடுத்த சந்தையில் அதை நீ சொன்னாய். அதற்கடுத்த சந்தையிலும். பிறகு என்னைப் பார்த்தால் பையன்கள் பீடிக் கட்டைத் தலைகீழாக நீட்டி, "படிச்சுச் சொல்லுங்க மாமா" என்பார்கள். லாரியில் போன அன்றைக்கு, டீக்கடையில் பக்கத்தில் இருந்த ஆள் பேப்பரை என் கையில் கொடுத்தான். அவனுக்கு என்னைத் தெரியாது. சும்மா கொடுத்தான். எந்தப் பக்கம் மேல் என்று எனக்குத் தெரியவில்லை. வைத்துவிட்டு வெளியே வந்தேன். எதிரே நின்ற பஸ்ஸில் ஏறிவிட்டேன். அவ்வளவுதான்.

ஒரு வாரத்தில் திரும்பிவிடலாம் என்று நினைத்தேன். மூன்று மாதம் கழித்து வந்தேன். இது உனக்குத் தெரியாது. பஸ் சந்தை ஓரத்தில் நின்றது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நீ பாக்கு மரத்தடியில் மிளகுக் கூடையோடு உட்கார்ந்திருந்தாய். உன்னைச் சுற்றி நாலு பெண்கள். நீ ஒரு காகிதத்தை எடுத்துத் தலைகீழாகப் பிடித்துக் காட்டினாய். அவர்கள் சிரித்தார்கள்.

நான் இறங்கவில்லை. அதே பஸ்ஸில் கீழே வந்துவிட்டேன்.

நீ கேட்டது இதுதான். இவ்வளவு சின்னதா என்று நினைப்பாய். எனக்கும் எழுதிப் பார்த்தால் சின்னதாகத்தான் தெரிகிறது.

மாணிக்கம்


வளப்பூர் நாடு,
26.10.2025

சுகுணாவின் அப்பாவுக்கு ராமாயி எழுதிக்கொண்டது.

கடுதாசி தீபாவளிக்கு ரெண்டு நாள் முன்னால் வந்தது. அன்றைக்குப் படித்தேன். மறுநாளும் படித்தேன். பலகாரம் சுட்டது கருகிவிட்டது.

சின்னது இல்லை.

சொன்னது உண்மை. ரெண்டு சந்தை இல்லை, இருபது சந்தையில் சொல்லியிருப்பேன். நல்ல கதை அது. எங்கே நிறுத்த வேண்டும், எங்கே காகிதத்தைத் திருப்ப வேண்டும் என்றெல்லாம் எனக்கு அத்துப்படி. முதல் தடவை நீங்களும் சேர்ந்து சிரித்தீர்கள். அந்த ஒரு சிரிப்பை வைத்துக்கொண்டு மிச்ச எல்லாத் தடவைக்கும் நீங்கள் சம்மதம் சொல்லிவிட்டதாக எடுத்துக்கொண்டேன். அஞ்சாவது படித்த தலைக்கனமும் இருந்தது. கைநாட்டுப் புருஷனைப் பற்றிப் பேசும்போதெல்லாம் என் படிப்பு ஒரு வகுப்பு ஏறின மாதிரி இருக்கும்.

ஒரு தம்பி என்னைக் கேட்காமல் என் வாழ்க்கையில் ஒரு வரி எடுத்து ஊருக்குப் போட்டதை எத்தனை பேரிடம் பேசியிருப்பேன். ஈரத் தலையோடு நின்றதைப் படம் எடுத்தார்கள் என்று எவ்வளவு கூச்சல் போட்டேன். போன் வருவதற்கு எத்தனையோ வருடம் முன்னால், அதே வேலையை ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு நான் சந்தையில் செய்திருக்கிறேன். அது இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தோன்றவில்லை. அந்தக் கதையை இனிச் சொல்ல மாட்டேன். நீங்கள் போனதற்குப் பிறகு சொன்னது, அது ஒன்றுதான் உங்களைப் பற்றி அழாமல் சொல்ல முடிந்த கதை என்பதால். இதை நியாயமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

என் தப்பு இவ்வளவு. இனி உங்களது.

நீங்கள் வந்தீர்கள், ஜன்னலில் பார்த்தீர்கள், போனீர்கள். நான் எதிரே மிளகுக் கூடையோடு உட்கார்ந்திருந்தேன். நிமிர்ந்திருந்தால் தெரிந்திருப்பீர்கள். அதன் பிறகு ஆறு மாதம் நான் கிணறு எட்டிப் பார்த்திருக்கிறேன். இப்போது நாற்பத்தொரு தடவை போனில் பார்த்தீர்கள். நான் பார்க்க முடியாத இடத்தில் நின்றே என்னைப் பார்க்கிறீர்கள். நான் சிரித்தால் சுகமாக இருக்கிறாள் என்றும், தனியாக என்று போட்டிருந்தால் தனியாக என்றும் நீங்களே முடிவு செய்துகொள்கிறீர்கள். என்னிடம் கேட்கவில்லை. சந்தையில் நான் உங்களைக் கேட்கவில்லை, பஸ்ஸில் நீங்கள் என்னைக் கேட்கவில்லை.

வார்த்தையை எடுத்தாகிவிட்டது. போன வாரம் கூட்டத்தில் எழுந்து, "என் ஊட்டுக்காரர் உசுரோட இருக்கறாருங்க, அந்தப் பொத்தான மாத்துங்க" என்றேன். அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். "கல்யாணமானவர்னு போட்றலாமா பாட்டி?" என்றார் தம்பி. அதற்கும் எனக்கு வாய் வரவில்லை. சுமித்ராதான் முடிச்சை அவிழ்த்தாள். "சொல்ல விருப்பமில்லை" என்று புதிதாக ஒரு பொத்தான் வைத்துவிட்டாள். பெண்கள் எல்லாரும் ஓடி வந்து அதையே தொட்டார்கள். சென்னம்மாள் தொடும்போது அவள் வீட்டுக்காரர் பக்கத்தில்தான் நின்றார். "ஏன் புள்ள, நான் கண்ணுக்குத் தெரியலயா?" என்றார். "தெரியுதுங்க, அத எதுக்குங்க மிளகு வாங்கறவங்களுக்குச் சொல்லோணும்?" என்றாள்.

என் படத்தையும் எடுக்கச் சொல்லிவிட்டேன். இனி அந்தக் கட்டத்தில் போனைக் காட்டினால் கொடி தெரியும், காய் தெரியும், எரு தெரியும். நான் தெரிய மாட்டேன். இதை எழுதும்போது மணி ரெண்டு. இந்நேரம் திறந்து பார்த்திருப்பீர்கள். பதற வேண்டாம், எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

பார்க்க மட்டும் வரட்டுமா என்று கேட்டீர்கள். அது வேண்டாம். இரண்டு தடவை பார்த்தாகிவிட்டது. வருவதானால் காளப்பநாயக்கன்பட்டியில் பஸ் ஏறுங்கள். சந்தை நாள் மாறவில்லை. நான் உட்காரும் இடமும் மாறவில்லை, பாக்கு மரம்தான் கொஞ்சம் உயரமாகிவிட்டது. ஜன்னலில் நிற்காமல் இறங்குங்கள். என் எதிரே வந்து நில்லுங்கள். நீங்கள் என்னைப் பார்க்கும்போது நானும் உங்களைப் பார்க்க வேண்டும். எவ்வளவு நரை, எந்த முட்டி, பேசும்போது இப்போதும் காதைத் தொடுகிறீர்களா, எல்லாம் எனக்கும் தெரிய வேண்டும். படம் எதுவும் எனக்கு யாரும் அனுப்பவில்லை.

வந்த பிறகு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. சுகுணா அவள் வீட்டில் கட்டில் போட்டிருக்கிறாள்.

ஐப்பசி மழைக்கு வளைவில் மண் சரிந்தால் பஸ் விட மாட்டார்கள். அதனால் ஒரு சந்தையோடு முடிவு கட்ட மாட்டேன். மூன்று சந்தை பார்ப்பேன். பஸ் வந்து நிற்கும்போதெல்லாம் கூடையை விட்டு நிமிர்ந்து பார்ப்பேன்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

ராமாயி